மன்றாடுதல் கெஞ்சுதல் அல்ல – கூடுகை பற்றிய பழைய சொற்கள் சில

"கூட்டமாம், வீட்டுக்கு ஒராள் கட்டாயம் வரட்டாம்."

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் இந்த அழைப்பைக் கேட்ட அளவுக்கு வேறெந்த அழைப்பையும் கேட்டிருக்கமாட்டா. நிவாரண அட்டைக்கு ஒரு கூட்டம், தறப்பாள் கொடுக்க ஒரு கூட்டம், காணி விபரம் பதிய ஒரு கூட்டம், மீள்குடியேற்றம் பற்றி அறிவிக்க ஒரு கூட்டம். வெயிலில் வரிசையாக இருந்து, பெயர் கூப்பிடும்போது எழுந்து, காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறோம். "என்ன கதைச்சவை?" என்று வீட்டில் இருப்பவர் கேட்டால், "கதைச்சவை, நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கும், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2006ஆம் ஆண்டில் சம்பூரிலிருந்து வந்தவர்களுக்கும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்களுக்கும் இது பொதுவான அனுபவம். இவர்களுள் பலர் ஊர் திரும்பிவிட்டனர். திரும்ப முடியாதோர் இன்னும் இருக்கின்றனர். திரும்பியவர்களுக்கும் கூட்டங்கள் ஓயவில்லை.

கூட்டம் என்றால் இவ்வளவுதானா? எமது முன்னோர் கூடியதற்கு என்னென்ன பெயர்கள் வைத்திருந்தனர்? அப்பெயர்கள் எமக்கு ஏதேனும் சொல்லுமா? இம்முறை பழைய அகராதிகளைத் திறந்து பார்ப்போம். இது புலவர்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. அச்சொற்களுட் பல வயலிலும் மாட்டுப்பட்டியிலும் பிறந்தவை.

அகராதிகள் வந்த வழி

இன்று நாம் அகராதி என்று சொல்லும் நூலுக்கு முன்னர் தமிழில் நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பன அவற்றுட் சில. இவை சொற்களை அகர வரிசையில் வைக்காமல், தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், இடப் பெயர் என இனம் இனமாகப் பிரித்துச் செய்யுளில் சொல்லின. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவற்றை மனனம் செய்தனர்.

அகர வரிசையில் தமிழ்ச் சொற்களை ஒழுங்குபடுத்தும் முறையை நிலைநாட்டியவர் வீரமாமுனிவர். அவருடைய சதுரகராதி 1732ஆம் ஆண்டில் முடிவுற்றது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டதால் அதற்கு அப்பெயர். எமது நாட்டில் 1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சாகிய யாழ்ப்பாண அகராதியை மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய அந்த வேலையில் உடுவில் சந்திரசேகர பண்டிதரின் உழைப்புப் பெரியது. உடுவிலில் பணியாற்றிய உவின்சிலோ ஐயர் பெயரில் 1862ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் ஆங்கில அகராதி ஒன்று வெளிவந்தது. 1924 தொடக்கம் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

இவற்றுள் கூடுகையைக் குறிக்கும் சொற்களைத் தேடினால் ஒரு பெரிய பட்டியல் கிடைக்கும். மன்று, மன்றம், பொதியில், அம்பலம், அவை, கழகம், களம், களரி, குழு, குழாம், ஆயம், கோட்டி, சபை, சங்கம், சமாசம், ஓலக்கம் என்று அது நீளும். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. எமது வாழ்வோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மரத்தடியும் மாட்டுப்பட்டியும்

மன்று, மன்றம் என்ற சொற்களுக்கு அகராதிகள் தரும் பொருள்களைப் பாருங்கள். ஊரின் நடுவே மரத்தடியில் உள்ள பொது இடம். வெளியான நிலம். வழக்கு விசாரிக்கும் இடம். மாட்டுத் தொழுவம். கடைசிப் பொருளைக் கண்டு யாரும் வியக்கத் தேவையில்லை. மாலையில் மாடுகள் பட்டிக்கு வரும் நேரம்தான் உழவரும் ஓய்ந்து கூடும் நேரம். மாடுகள் அடையும் வெளியான இடத்தில் மனிதரும் கூடியிருப்பர்.

வடமொழியிலும் இதே கதை உண்டு. கோட்டம் என்பது மாட்டுத் தொழுவம். அதிலிருந்து வந்த கோட்டி என்ற சொல் கற்றோர் கூடும் அவையைக் குறித்தது. திருவள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். அதே சொல்தான் பிற்காலத்தில் கோஷ்டி ஆயிற்று. இன்று கோஷ்டி என்றால் பிளவுபட்ட கூட்டம். கூடியிருந்து பேசிய இடத்தின் பெயர் பிரிந்து நிற்பவர்களின் பெயராக மாறியிருக்கிறது. எமது சங்கங்கள் சிலவற்றின் கதையும் அதுதான்.

மன்று என்ற சொல் எமது நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதவான் நீதிமன்று, மேல் நீதிமன்று என்று வழங்குகிறோம். பாராளுமன்றம் என்ற சொல்லிலும் அதுவே உள்ளது. சட்டத்தரணிகள் கறுப்பு அங்கியோடு நிற்கும் இடத்துக்கும், நாட்டுக்குச் சட்டம் இயற்றும் இடத்துக்கும், ஆலமரத்தடிக்கும் ஒரே பெயர். அந்த இடங்கள் எம்மைப் போன்றவர்களுக்கு அந்நியமானவை என்று எண்ணுவதற்கு அச்சொல்லில் இடமில்லை.

மன்றாட்டு

மன்றிலிருந்து பிறந்த சொல் மன்றாடுதல். இன்று அதற்குக் கெஞ்சுதல் என்று பொருள் கொள்கிறோம். "காலில் விழுந்து மன்றாடினேன்" என்று சொல்கிறோம். ஆனால் பேரகராதி இச்சொல்லுக்கு வேறொரு பொருளையும் தருகிறது: வழக்காடுதல். மன்றில் ஊரவர் முன்னிலையில் நின்று, தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லி, தன் பக்க நியாயத்தை நிறுவுவதே மன்றாடுதல். அங்கே நிற்பவன் பிச்சை கேட்பவன் அல்லன். உரிமை கேட்பவன்.

இச்சொல் எப்படித் தேய்ந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. மன்றில் நீதி கிடைக்காதபோது, சொல்பவரின் குரல் தாழ்கிறது. தாழ்ந்த குரலே பழக்கமாகிவிட்டால், நியாயம் சொல்வதும் கெஞ்சுவதும் ஒன்றுபோலத் தோன்றும். மேசைக்கு முன்னால் நின்று "ஐயா, பார்த்துச் செய்யுங்கோ" என்று சொல்லிச் சொல்லி எமக்கும் அது பழகிவிட்டது. எமது காணியின் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் கெஞ்சுகிறோம்.

ஆலயத்திலும் மன்றாட்டு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆபிரகாம் சோதோம் நகருக்காக ஆண்டவரோடு பேசிய வரலாறு தொடக்கநூலில் உண்டு. ஐம்பது நீதிமான்கள் இருந்தால் நகரை அழிப்பீரோ என்று தொடங்கி, பத்துப்பேர் வரை இறங்கி வந்து அவர் பேசுகிறார். தாழ்மையாகத்தான் பேசுகிறார். ஆனால் நீதியைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். மன்றாட்டின் பழைய பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கடவுளுக்கு முன்னாலேயே நியாயம் சொல்லலாம் என்றால் ஓர் அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் சொல்லக்கூடாதா?

பொதியிலும் அம்பலமும்

பொதியில் என்பது பொது, இல் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. எல்லாருக்கும் பொதுவான வீடு. தூண் நாட்டி, விளக்கேற்றி, ஊரார் கூடும் இடமாக அது இருந்தது. பட்டினப்பாலை என்ற சங்க நூல் காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியில் ஒன்றைச் சொல்லும்போது, அங்கே வம்பலர் தங்குவார்கள் என்கிறது. வம்பலர் என்றால் வேற்றூரிலிருந்து புதிதாக வந்தவர். ஊரவர் கூடிப் பேசும் இடமும் வந்தவர்க்கு நிழல் கொடுக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன என்பது இதனால் தெரிகிறது. வந்தவரை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரவர் தனியே கூடவில்லை.

அம்பலம் என்பதும் இதுபோன்ற பொதுவிடம்தான். சிங்கள மக்கள் அம்பலம என்று வழங்குவது இச்சொல்லையே. அவர்களுடைய ஊர்களிலும் வழிப்போக்கர் இளைப்பாறவும் ஊரவர் இருந்து பேசவும் தெருவோரத்தில் அம்பலம கட்டியிருந்தனர். யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என்பன ஒன்றாக இருந்த தெருவோரங்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அம்பலம் எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடம். ஆகவேதான் மறைத்து வைத்ததை வெளிப்படுத்துவதை "அம்பலப்படுத்துதல்" என்கிறோம். பொது அலுவல் பொதுவிடத்தில் நடக்கவேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிவாரணப் பட்டியலைப் பூட்டிய அறைக்குள் தயாரிப்பதும் மரத்தடியில் எல்லார் முன்னும் வாசிப்பதும் ஒன்றல்ல.

பொதியில் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. புறநானூற்றின் 52ஆம் பாட்டு, போரினால் மக்கள் விட்டுப்போன ஓர் ஊரைக் காட்டுகிறது. அங்கே பொதியில் பாழடைந்து கிடக்கிறது. தூணில் இருந்த தெய்வமும் அதைக் கைவிட்டுவிட்டது. படையல் வைக்க ஆளில்லை. நரைத்த முதியவர்கள் இருந்து காய் உருட்டி விளையாடிய இடத்தில், காய் பட்டுப் பட்டுத் தரை குழிந்திருக்கிறது. அந்தக் குழிக்குள் காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் காட்சியை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பற்றை வளர்ந்த வாசிகசாலையையும், கூரை இல்லாத சனசமூக நிலையத்தையும், சுவரில் ஆலங்கன்று முளைத்த கோவிலையும் கண்டவர்கள் நாம். அப்புலவர் அழிவைச் சொல்லும்போது இடிந்த வீடுகளைத் தேடாமல், ஊர் கூடிய இடத்தைத் தேடிப்போயிருக்கிறார். வீடு அழிந்தால் ஒரு குடும்பம் போயிற்று என்று பொருள். கூடும் இடம் பாழானால் ஊரே போயிற்று என்று பொருள். ஆகவே ஊர் திரும்புவோர் தத்தம் வீட்டு வேலையோடு நின்றுவிடாமல், கூடும் இடத்தையும் முதலிலேயே துப்புரவாக்கிக் கொள்ளவேண்டும். கட்டடம் கிடைக்கும் வரைக்கும் ஒரு மரமும் நாலு பாயும் போதும்.

களம்

விவசாயிக்கு மிக அண்மையான சொல் களம். சூடு மிதித்துப் பொலி தூற்றும் இடம் நெற்களம். படைகள் பொருதும் இடம் போர்க்களம். அகராதியில் களம் என்பதற்கு அவை என்ற பொருளும் உண்டு. மட்டக்களப்பில் கூத்தாடுவதற்கு வட்டக்களரி அமைப்பார்கள். அந்தக் களரி என்ற சொல்லுக்கும் அவை என்ற பொருள் அகராதிகளில் உண்டு.

நெல்லுக்குரிய களத்தையும் போருக்குரிய களத்தையும் எமது தலைமுறை ஒரே நிலத்தில் கண்டது. விளைந்த வயல் போர்க்களமாயிற்று. மூன்றாவது களமாகிய அவை எமக்குப் போதியளவு கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும் பலர் பேசவில்லை. திருக்குறளில் அவை அஞ்சாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பகைவர் நடுவே சாகத் துணிந்தவர் பலர் உண்டு, அவையில் அஞ்சாது பேசக்கூடியவர் சிலரே என்று அங்கே வள்ளுவர் கூறுகிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவையைக் குறிக்க அவர் எடுத்த சொல் களன். களமும் களனும் ஒன்றே. எத்தனையோ ஆபத்துக்களைக் கடந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு தாய், கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்கக் கூசுகிறார். அது அவருடைய குறை அல்ல. அவர் பேசக்கூடியவாறு கூட்டத்தை அமைக்காதது எமது குறை.

கூட்டம் வேறு, அவை வேறு

கூட்டம், குழாம், திரள், ஈட்டம் ஆகிய சொற்கள் பலர் ஒன்றாக இருப்பதைச் சொல்கின்றன. எறும்புக்கும் கூட்டம் உண்டு, யானைக்கும் கூட்டம் உண்டு. குழு என்றால் ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்தவர்கள். அவை என்பது மேலும் ஒரு படி. அங்கே ஒழுங்கு உண்டு, பேசும் முறை உண்டு, முடிவு உண்டு.

அவையத்துக்கு எட்டுத் தன்மைகள் உண்டு என்பது தொல்காப்பியத்தில் காணப்படும் குறிப்பு. பிற்கால உரையாசிரியர்கள் அவற்றைக் குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறாமை, அவாவின்மை என்று எண்ணினர். முதலாவதை நாம் ஏற்கமாட்டோம். பிறப்பைப் பார்த்து அவையில் இடம் கொடுக்கும் வழக்கம் எமது ஊர்களுக்குச் செய்த கேடு போதும். மற்ற ஏழையும் வைத்துக்கொள்ளலாம். உண்மை பேசுதல், ஒரு பக்கம் சாராமை, அடுத்தவருக்குக் கிடைப்பதைக் கண்டு பொறாமைப்படாமை, தனக்கு என்று ஆசைப்படாமை ஆகிய நான்கும் நிவாரணம் பங்கிடும் குழுவுக்கு எழுதி ஒட்டவேண்டியவை.

சொற்கள் மட்டும் எம்மை நல்லவர்களாக்கிவிடா என்பதற்குக் கழகம் என்ற சொல் சாட்சி. கற்றோர் கூடும் இடம் என்று அகராதி கூறும் அதே சொல்லைத் திருக்குறள் சூதாடும் இடத்துக்கு வழங்குகிறது. இடம் ஒன்றுதான். அங்கே என்ன நடக்கிறது என்பதே முக்கியம்.

குளத்துக்கு ஒரு வாரியம்

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் காலம் 919, 921ஆம் ஆண்டுகள். அவ்வூர்ச் சபை எவ்வாறு தனது குழுக்களைத் தெரிவுசெய்தது என்பதை அவை விபரமாகச் சொல்கின்றன. குழுவுக்கு அக்காலப் பெயர் வாரியம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னைச் சோதிக்க ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தன. ஏரி வாரியத்தில் ஆறு பேர். பதவி ஓராண்டுக்கு மட்டும்.

ஒரு நிபந்தனை மிக முக்கியமானது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கல்லில் வெட்டிய இந்த விதியைப் பின்பற்றியிருந்தால் எத்தனையோ சங்கங்கள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும்.

எனினும் அந்தச் சபையைப் பொற்காலம் என்று சொல்லிப் புகழ வேண்டியதில்லை. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலம் இல்லாதவருக்கு அங்கே தகுதி இல்லை. பெண்களுக்கு இடமில்லை. அவர்களிடமிருந்து கணக்குக் காட்டும் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். விலக்கி வைத்ததை விட்டுவிடுவோம்.

எமது நாட்டில் ஏரி வாரியத்துக்கு நிகரானது பயிர்ச்செய்கைக் கூட்டம். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் குளத்தின் கீழ் உள்ள விவசாயிகள் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்கு முன் வேலி அடைத்து மாடுகளை அகற்றுவது என்று முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் குளத்தின் கீழ் ஒரு பகுதியை மட்டும் எல்லாருக்குமாகப் பங்கிட்டு விதைப்பதும் அங்கே தீர்மானமாகும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இத்தகைய ஒழுங்குகளுக்குச் சட்டவலுக் கொடுக்கின்றன. கேட்டுக்கொண்டு இருப்பதற்கான கூட்டம் அல்ல அது. விவசாயி முடிவெடுக்கும் அவை. வெளியூரில் இருந்தாலும் உங்கள் குளத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டம் எப்போது என்று கமநல சேவை நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வயலைப் பற்றிய பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சபை, சங்கம், சமாசம், கச்சேரி

இன்று அலுவலகங்களில் வழங்கும் சொற்கள் சில வேறு மொழிகளிலிருந்து வந்தவை. சபையும் சங்கமும் வடமொழி, பாளி வழியாக வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாயின. பௌத்த துறவிகளின் அமைப்பைக் குறித்த சங்கம் என்ற சொல், எமது ஊர்களில் ஐக்கிய நாணய சங்கமாகவும் கிராம அபிவிருத்திச் சங்கமாகவும் மாதர் சங்கமாகவும் வளர்ந்தது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதலாவது சட்டம் இலங்கையில் 1911ஆம் ஆண்டில் வந்தது. பல சங்கங்கள் சேர்ந்தால் சமாசம். கூடுகை என்று பழைய அகராதிகள் பொருள் சொல்லும் இச்சொல்லைக் கடற்றொழிலாளரும் கூட்டுறவாளரும் எமது நாட்டில் வாழவைத்திருக்கின்றனர்.

கச்சேரி இந்துஸ்தானியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் பாட்டு. எமக்குக் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். காணிக் கச்சேரி என்று ஒன்றும் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணியைப் பகிர்ந்தளிக்கும்போது, விண்ணப்பித்தவர்களை அழைத்து வெளிப்படையாக விசாரிக்கும் கூட்டம் அது. பழைய மன்றுக்கு மிக நெருங்கியது இதுவே. இங்கே நாம் மன்றாடவேண்டும். அதாவது, எமது வழக்கை எடுத்துச் சொல்லவேண்டும். அனுமதிப்பத்திரம், பழைய பற்றுச்சீட்டு, அயலவரின் சாட்சி என்பவற்றோடு போகவேண்டும். அறிவித்தல் கிடைத்தும் போகாமல் விடுவது எமது பக்கத்தை நாமே மூடுவதற்குச் சமம்.

கூடாரத்தில் ஒரு சபை

இஸ்ரவேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் நிலமில்லாமல் நடந்தவர்கள். அவர்களுக்கு ஆலயக் கட்டடம் இருக்கவில்லை. ஒரு கூடாரம் இருந்தது. சந்திப்புக் கூடாரம், ஆசரிப்புக் கூடாரம் என்று எமது வேதாகமங்கள் அதைப் பெயரிடுகின்றன. மக்கள் புறப்படும்போது அதைக் கழற்றிக் கொண்டுபோவார்கள். தங்கும் இடத்தில் மீண்டும் நாட்டுவார்கள். ஊர் இல்லாத காலத்திலும் கூடும் இடத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

அந்தக் கூடார வாசலில் நடந்த ஒரு மன்றாட்டை எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோன ஒருவருடைய மகள்மார் ஐவர், மோசேக்கும் குருவுக்கும் தலைவர்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றனர். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவருடைய பெயர் அழிந்துபோகவேண்டுமா, எங்களுக்கும் காணி தாருங்கள் என்று கேட்டனர். அவர்கள் சொல்வது சரி என்றே தீர்ப்பு வந்தது. அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. மகன் இல்லாத வீட்டில் மகளுக்கே உரித்து என்பது அன்றிலிருந்து எல்லாருக்குமான சட்டமாயிற்று.

இந்த ஐவரும் இன்னும் காணியைக் கண்ணால் காணவில்லை. யோர்தானைக் கடக்காமல், கூடாரங்களில் இருக்கும்போதே கேட்டார்கள். காணி கையில் வந்த பிறகு பேசலாம் என்று இருந்திருந்தால் பங்கு பிரித்து முடிந்திருக்கும். எமது நாட்டிலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்த வாரிசு ஒழுங்கு 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளாகப் பெண்கள் பல இடங்களில் பேசவேண்டியிருந்தது. கணவரை இழந்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரிகள் இதைக் கவனத்தில் எடுக்கவேண்டும். கூட்டம் வைப்பவர்களும், அவர்கள் வரக்கூடிய நேரத்தில், பிள்ளையோடு இருக்கக்கூடிய இடத்தில் வைக்கவேண்டும்.

கூட்டத்தை அவையாக்குவது எப்படி?

பழைய சொற்களிலிருந்து நாம் பெற்றதை நடைமுறைக்குக் கொண்டுவர, பெரிய செலவு இல்லாத சில வழிகள் உள்ளன.

1. அழைப்பு வந்தவுடன் இது எந்த வகைக் கூட்டம் என்று கேளுங்கள். அறிவிப்பதற்கா, கருத்துக் கேட்பதற்கா, முடிவெடுப்பதற்கா? முடிவெடுக்கும் கூட்டமானால் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

2. போவதற்கு முன்னர் நாலைந்து குடும்பங்கள் மரத்தடியில் இருந்து பேசிக்கொள்ளுங்கள். என்ன கேட்பது, யார் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டு போங்கள். தனியாகப் பேச அஞ்சுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

3. வரவுக்கு வைக்கும் கையொப்பம் வேறு, தீர்மானத்துக்கு வைக்கும் கையொப்பம் வேறு. எழுதாத தாளில் கையொப்பம் வைக்கவேண்டாம். தாளின் தலைப்பை வாசித்து, அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகே வையுங்கள்.

4. சங்கக் கூட்டமானால் கூட்ட நடப்பெண் இருக்கிறதா என்று பாருங்கள். போதிய அங்கத்தவர் இல்லாமல் எடுத்த தீர்மானம் நிலைக்காது.

5. கூட்டம் முடியுமுன் தீர்மானங்களை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் கூட்டறிக்கையை முதலில் வாசியுங்கள். முகாமானாலும் ஒரு கொப்பி போதும். இடம் மாறினால் அந்தக் கொப்பியும் உங்களோடு வரவேண்டும்.

6. தனாதிகாரி ஒவ்வொரு மாதமும் எல்லார் முன்னும் கணக்கைச் சொல்லட்டும். கணக்குக் காட்டாதவரை மீண்டும் தெரிவுசெய்யாதீர்கள்.

7. புதிதாக வந்த குடும்பத்தையும் கூப்பிடுங்கள். வம்பலரும் பொதியிலில் இருந்தார்கள்.

இவற்றைச் செய்தால் எல்லாக் குறைகளும் தீரும் என்று நாம் சொல்லவில்லை. நியாயம் சொல்லியும் கிடைக்காத காலங்கள் உண்டு என்பதை எமது மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆயினும் சொன்னது பதிவாகியிருந்தால் நாளைக்கு எடுத்துக் காட்டலாம். சொல்லாதது எங்கும் இராது.

அடுத்த முறை "கூட்டமாம்" என்று யாராவது படலையில் வந்து சொன்னால், வெறுங்கையோடு போகாதீர்கள். கேள்வியையும் கொப்பியையும் கொண்டு போங்கள்.

குழுவில் கலந்துரையாட:

– கடந்த ஓராண்டில் நாம் போன கூட்டங்களுள் முடிவெடுப்பதில் எமக்கும் பங்கு இருந்தவை எத்தனை?

– எமது கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள் யார்? ஏன்?

– எமது சொந்த ஊரில் மக்கள் எந்த இடத்தில் கூடினார்கள்? அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?